வலி வந்த நேரம்

காலை 9.40. கிளியனூர் தாண்டி. நெற்றி முழுக்க, இறுக்கம்.
மதியம் 2.15. வீட்டில், குளித்த பிறகு. வலப் பொட்டு, துடிப்பு, குமட்டல்.
மறுநாள் காலை 7.00. பிடரியில் தொடங்கி மேலே ஏறுகிறது.

என் சைக்கிள் பையில் கிடக்கும் சின்ன நோட்டில் இருக்கிற மூன்று குறிப்புகள் இவை. மூன்றும் ஒரே மாதத்தில் எழுதியவை. மூன்றும் இரும்பையில் ஏறி இரும்பையிலேயே இறங்கிய பயணங்களுக்குப் பின் வந்த வலிகள். முன்பெல்லாம் இவற்றை ‘வெயில் தலைவலி’ என்று ஒரே பெயரில் சொல்லி, ஒரே மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரை ஒரு தடவை கேட்டது, ஒரு தடவை கேட்கவில்லை, ஒரு தடவை வயிற்றைப் புரட்டியது. நேரத்தை எழுத ஆரம்பித்த பிறகுதான் மூன்றும் மூன்று வேறு வலிகள் என்பது பிடிபட்டது.

இரும்பை, ஆரோவில்லை ஒட்டியுள்ள சின்ன ஊர். மாகாளேஸ்வரர் கோயிலும் ஏரியும் ஊரின் அடையாளம். சம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலங்களில் ஒன்று இது. சைக்கிள்காரர்களுக்கு இந்த ஊர் நல்ல கிளம்புமிடம். ஒரு பக்கம் திண்டிவனம் சாலை. திண்டிவனத்திலிருந்து மேற்கே திரும்பினால் இன்னும் 28 கிலோமீட்டரில் செஞ்சிக் கோட்டை. போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இன்னொரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, மரக்காணத்து உப்பளங்கள் வரை. சாலை பெரும்பாலும் சமதளம். நிழல் குறைவு. ஞாயிறு விடியலில் சென்னையிலிருந்து வரும் நெடுந்தூரக்காரர்களையும் இந்தச் சாலைகளில் பார்க்கலாம். 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற பிரெவே விதிகளின்படி ஓட்டுகிறவர்கள் அவர்களில் உண்டு. பந்தயமாக 1891இல் தொடங்கி, இன்று 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் கடக்கும் சவாரியாக நடக்கும் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ், அவர்களில் பலருடைய கனவு. முட்டி வலி, இருக்கை உரசல், கியர் விகிதம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். தலைவலியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதைப் பலவீனமாக நினைக்கிறார்கள் போலும். நெதர்லாந்தில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கடினமான சைக்கிள் நிகழ்வொன்றில் கலந்துகொண்ட சில ஆயிரம் பேரிடம் கேட்டபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவர் கடந்த ஓராண்டுக்குள் ஓட்டத்தோடு தொடர்புடைய தலைவலி வந்ததாகச் சொன்னார்கள். கடும் முயற்சி, போதாத தண்ணீர், வெயில் மூன்றையும்தான் அவர்கள் அதிகம் குற்றம்சாட்டினார்கள். நெதர்லாந்துக்காரர்களே வெயிலைச் சொல்கிறார்கள் என்றால், மே மாதத் திண்டிவனத்தை நினைத்துப் பாருங்கள்.

தலைவலியை வகைப்படுத்த மருத்துவர்களுக்குப் பொதுவான ஏடு ஒன்று இருக்கிறது. சர்வதேசத் தலைவலிச் சங்கம் தொகுத்தது. மூன்றாம் பதிப்பு 2018இல் வந்தது. அதைப் புரட்டியபோது என் நோட்டுக்குத் துணை கிடைத்த மாதிரி இருந்தது. அந்த ஏடும் கடிகாரத்தைத்தான் கையில் வைத்திருக்கிறது. தலையை இறுக்கும் பொருளால் வரும் வலி, இறுக்கம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும், கழற்றி ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். கடும் உழைப்பால் மட்டும் வரும் வலி 48 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். பட்டினித் தலைவலிக்கு எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருந்திருக்க வேண்டும். காபி நின்றதால் வரும் வலி, கடைசிக் காபிக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். மருந்தில்லாமல் விட்டால் மைக்ரேன் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீளும். ‘எங்கே வலிக்கிறது’ என்பதோடு ‘எப்போது வந்தது, எப்போது போனது’ என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பெயர் சொல்ல முடிகிறது.

வலிப்பது மூளை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. நோயாளி விழித்திருக்கும்போதே மூளை அறுவை செய்ய முடிவது இதனால்தான். மண்டைக்குள் வலியை உணர்பவை மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளும், அவற்றில் ஓடும் ரத்தக் குழாய்களும். அங்கிருந்து சேதி கொண்டுபோவது பெரும்பாலும் முகத்துக்கு மூன்று கிளையாகப் பிரிந்து வரும் ட்ரைஜெமினல் நரம்பு. உறை இழுபட்டாலும், குழாய் விரிந்தாலும், நரம்பின் நுனி எரிச்சலுற்றாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான், தலை வலிக்கிறது. ஒரே மணியை நாலு பேர் நாலு காரணத்துக்காக அடிக்கிறார்கள். யார் அடித்தது என்று வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் குறிப்புக்கு வருகிறேன். காலை 9.40, கிளியனூர். ஐந்தரைக்குக் கிளம்பி, திண்டிவனம் தாண்டிக் கொஞ்சதூரம் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மிதிக்கும் உடல் ஓர் அடுப்பு. நாம் எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குகூடப் பெடலுக்குப் போய்ச் சேருவதில்லை, மிச்சமெல்லாம் சூடு. 150 வாட் திறனில் சீராக மிதிப்பவர் உடம்பில் கிட்டத்தட்ட 500 வாட் வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். அதை வெளியேற்ற நமக்குள்ள பெரிய வழி வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆக, மணிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் வியர்த்தாக வேண்டும். கடலோரத்தின் சங்கடம் என்னவென்றால், காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடுகிறது. சொட்டிய வியர்வை தண்ணீரையும் உப்பையும் கொண்டுபோகும், சூட்டைக் கொண்டுபோகாது. உடல் இன்னும் வியர்க்கும்.

நீர் குறைந்தால் தலை ஏன் வலிக்கிறது? மூளை சற்றே சுருங்கி உறைகளை இழுக்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பிளவ் என்ற பிரிட்டன் நரம்பியல் மருத்துவரும் அவர் தோழர்களும் 2004இல் இந்த வலியைத் தனியாக விவரித்தார்கள். தண்ணீர் குடித்தால் பெரும்பாலோருக்கு அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அது விலகிவிட்டது. அன்று எனக்கும் அப்படித்தான், ஆனால் தண்ணீரால் அல்ல. சாலையோரம் மோர் விற்ற அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, மூஞ்சியெல்லாம் உப்பு பூத்துக் கெடக்கு? தண்ணிய ஊத்திக்கினே இருக்காத, மோரு குடி” என்றார். கையில் இரண்டு பாட்டில் தண்ணீர் காலியாகி, மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. அவர் சொன்னதில் இருந்த அறிவியல் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் சோடியம் போகிறது. சமையல் உப்பாகக் கணக்கிட்டால் சுமார் இரண்டரை கிராம், கிட்டத்தட்ட அரைத் தேக்கரண்டி. ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறும். சட்டையில் வெள்ளை வரி விழுகிறவர்கள் உப்பு அதிகம் இழப்பவர்கள். நாலு மணி நேரத்தில் மூன்று லிட்டர் வியர்த்து, அதற்குமேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். அப்போது நீர் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் நுழையும். மூளைச் செல்கள் வீங்கும். சுற்றிலும் எலும்பு, விரிய இடமில்லை. முதல் அறிகுறி தலைவலியும் குமட்டலும். நீர் குறைந்ததால் வரும் அறிகுறிகளும் ஏறத்தாழ இவையே. ஒன்றை மற்றதாக நினைத்து இன்னும் தண்ணீர் குடித்தால் குழப்பம், வலிப்பு, அதற்கும் மேலே போகும். பாஸ்டன் மாரத்தானில் 2002ஆம் ஆண்டு ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்களைக் காட்டிக்கொடுத்த வலுவான அடையாளம், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்ததுதான்.

எனவே வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால், கிளம்பும் முன்னும் வந்த பின்னும் ஏறிப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் பாக்கி. கொஞ்சம் குறைந்திருப்பது இயல்பு. கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அத்தோடு தலைவலியும் குமட்டலும் சேர்ந்திருந்தால் அடுத்த பாட்டிலைத் திறக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

உப்பையும் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தால் குடல் நீரை வேகமாக இழுத்துக்கொள்ளும் என்பதை ராபர்ட் கிரேன் 1960இல் விளக்கினார். குடல் சுவரில் ஒரே வாசலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து நுழைகின்றன, பின்னாலேயே நீர் போகிறது. திலீப் மஹலனாபிஸ் 1971இல் வங்க தேச அகதிகள் தங்கிய பன்கான் முகாமில் காலரா நோயாளிகளுக்கு இந்தக் கரைசலைக் கொடுத்து உயிர்களைக் காத்தார். இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில், ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கின்றன. கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். நம் வீட்டு நீராகாரம் இதற்கு அருகில் நிற்கிற பானம். மாவுச்சத்து, உப்பு, நீர். அரிசிக் கஞ்சியில் செய்த கரைசலை வங்கதேசத்தில் முறையாகவே சோதித்துப் பயன்படுத்தினார்கள். உப்புப் போட்ட மோரும் நல்லதே. இளநீரை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு சொல்கிறேன். விழுப்புரம் மாவட்டச் சாலைகளில் இளநீரும் நுங்கும் எங்கும் கிடைக்கின்றன, எனக்கும் பிரியம்தான். ஆனால் இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். வியர்வையில் போனது சோடியம். இளநீர் குடிக்கிறவர் கூடவே ஒரு சிட்டிகை உப்பையோ, உப்புக் கடலையையோ சேர்த்துக்கொள்வது நல்லது. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

இங்கேயே இன்னொன்று. வழியில் தலை வலித்தால் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மிதிக்கும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. நானும் செய்தவன். நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், ஓட்டத்தின்போது ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்கும் சிறுநீரகம் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியை இந்த மாத்திரை மேலும் குறுக்குகிறது. வீடு திரும்பி, நீரும் உப்பும் உள்ளே போய், சிறுநீர் தெளிந்த பிறகு போடுவது வேறு. நடுவழியில் போடாதீர்கள். மாதத்தில் பதினைந்து நாளும் அதற்கு மேலும் சாதாரண வலி மாத்திரை விழுங்கினால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் நிலையும் வரும்.

பசியும் காபியும் சிறு விஷயம் போலத் தோன்றும், ஆனால் பலருடைய ஞாயிற்றுக்கிழமையை இவைதான் கெடுக்கின்றன. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, விடியலில் வெறும் வயிற்றோடு கிளம்பி, எட்டு மணிக்கு இட்லிக் கடையைத் தேடுகிறவர் பன்னிரண்டு மணி நேரப் பட்டினியில் இருக்கிறார், அதுவும் உழைத்துக்கொண்டே. இரண்டு வாழைப்பழம் போதும் இதைத் தவிர்க்க. காபி விஷயம் இன்னும் நுட்பம். நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் எடுத்துப் பழகியவருக்கு, அதாவது இரண்டு மூன்று டம்ளர் டிகிரி காபிக்காரருக்கு, அது தாமதமானாலே வலி வரலாம். முந்தின நாள் மாலை நாலு மணிக்குக் குடித்த காபிதான் கடைசி என்றால், சவாரியின் பத்து மணிக்குப் பதினெட்டு மணி நேரம் ஆகிவிட்டது. 100 மில்லிகிராம் கஃபீன் உள்ளே போன ஒரு மணி நேரத்தில் வலி போய்விட்டால் காரணம் தெரிந்துவிட்டது.

மூன்றாவது குறிப்பு, மறுநாள் காலை பிடரியில் தொடங்கியது, கழுத்து வலி. சைக்கிளில் குனிந்தபடி சாலையைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைப் பின்னுக்கு மடக்கித் தலையைத் தூக்க வேண்டும். நாலைந்து கிலோ எடையுள்ள தலையை மண்டைக்கு அடியிலுள்ள சின்னத் தசைகள் ஆறு மணி நேரம் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் பந்தயத்தில் 1983இல் மைக்கேல் ஷெர்மர் என்பவருக்குக் கழுத்துத் தசைகள் முற்றிலும் ஓய்ந்து தலையே நிமிராமல் போனது. இன்றும் அந்த நிலையை ‘ஷெர்மர் கழுத்து’ என்றுதான் அழைக்கிறார்கள். நமக்கு அந்த அளவுக்குப் போகாது. ஆனால் கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்து ட்ரைஜெமினல் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இரண்டு ஊர்க் கடிதங்களும் ஒரே தபால் பெட்டியில் விழுவதால், கழுத்திலிருந்து வந்ததை நெற்றியிலிருந்து வந்ததாக மூளை வாசித்துவிடுகிறது. கழுத்துக் கோளாறால் கண்ணுக்குப் பின்னால் வலிப்பது இப்படித்தான். நான் கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தினேன். அரை மணிக்கொரு முறை நிமிர்ந்து தோளை உருட்டிக்கொள்கிறேன். அந்தக் குறிப்பு அப்புறம் நோட்டில் வரவில்லை.

தலைக்கவசத்தின் பட்டை இறுகினாலும் வலிக்கும். தளர்த்திப் போடுங்கள், அளவு பார்த்து வாங்குங்கள். அதைக் காரணம் காட்டிக் கழற்றி வைப்பது மட்டும் வேண்டாம்.

மேட்டில் மூச்சைப் பிடித்து முக்கி மிதிக்கும்போதோ, உச்ச வேகத்திலோ தலை முழுக்கத் துடித்து எழும் வலி ஒன்று உண்டு. உழைப்புத் தலைவலி என்று அதைச் சொல்லலாம். தலையிலிருந்து ரத்தம் இறங்கும் கழுத்துச் சிரையின் வால்வு சரியாக மூடாததால், முக்கும்போது அழுத்தம் பின்னோக்கி ஏறுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. பதினைந்து இருபது நிமிடம் மெதுவாக மிதித்து உடலைச் சூடேற்றிக்கொண்டால் பலருக்கு இது குறைகிறது. ஆனால் முதல் முறையாக இந்த வலி வந்தால் ‘உழைப்பு’ என்று நாமே பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், வாழ்நாளில் காணாத கடுமையான வலி, மூளை உறையடியில் ரத்தக் கசிவாக இருக்கலாம். வலியோடு பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் சோர்ந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, ஆள் குழம்பினாலோ 108ஐ அழைக்க வேண்டும். வெயிலில் குழப்பத்தோடு உடல் கொதித்தால் வெப்ப வாதமாக இருக்கலாம், வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். ஐம்பதைத் தொட்டவருக்கு, மிதிக்கும்போது மட்டும் வந்து நிறுத்தியதும் போகும் தலைவலி அரிதாக இதயத்திலிருந்தும் வரும். இரும்பைக்காரர்களுக்கு ஜிப்மர் மருத்துவமனை அதே திண்டிவனம் சாலையில்தான் இருக்கிறது. தூரம் ஒரு சாக்கு அல்ல.

இனி இரண்டாவது குறிப்பு. மதியம் 2.15, குளித்த பிறகு, வலப் பொட்டு. இதுதான் என்னை அதிகம் படிக்க வைத்தது.

மைக்ரேனை நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். பெயர் பழகிவிட்டது, ஆனால் ஒற்றைப் பக்கம் என்பது அதன் ஓர் இயல்பு மட்டுமே. துடிக்கும், படியேறினால் கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோருக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. பெங்களூரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் எடுத்து 2015இல் வெளியிட்ட கணக்கில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25 சதவீதம். நாலு பேர் சேர்ந்து சைக்கிள் மிதித்தால் ஒருவருக்கு இருக்கும்.

சிலருக்கு வலிக்கு முன்னால் பார்வையில் மினுக்கும் கோணல்மாணல் கோடு ஒன்று தோன்றி, மெல்ல விரிந்து, நடுவில் ஒரு குருட்டுத் திட்டை விட்டுப் போகும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தனக்கு வந்த இந்தக் காட்சியைத் தாளில் வரைந்து, அது நகரும் வேகத்தை வைத்து, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்று 1941இல் கணக்குப் போட்டார். மூன்றே ஆண்டில், பிரேசில்காரரான அரிஸ்டிடிஸ் லியாவோ முயலின் மூளையில் அதே போன்ற மெதுவான ஓர் அலையைக் கண்டார். நரம்புச் செல்கள் ஒரு கணம் கொதித்தெழுந்து பிறகு வரிசையாக அடங்கிப் போகும் அலை. இரண்டும் ஒன்றுதான் என்று பின்னர் இணைத்துப் பார்த்தார்கள். ஒரு தாளும் பென்சிலும் கொண்டு தன் வலியையே ஆராய்ந்த லாஷ்லியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் நோட்டின் மேல் மரியாதை கூடுகிறது. இந்தக் கோடு தெரிந்தால் அந்த இடத்திலேயே சைக்கிளை நிறுத்தி இறங்கிவிட வேண்டும். லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் பாதிப் பார்வையோடு ஓட்ட முடியாது.

வலியின் வேதியியலும் இப்போது ஓரளவு தெளிவு. மைக்ரேன் நேரத்தில் ட்ரைஜெமினல் நரம்பின் நுனிகள் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கைச் சுரக்கின்றன. அது மூளை உறையின் குழாய்களை விரித்து, நரம்பை இன்னும் கூருணர்வாக்குகிறது. வலியில் இருந்தவர்களின் கழுத்துச் சிரை ரத்தத்தில் அது கூடியிருப்பதை பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் 1990இல் காட்டினார்கள். அதைத் தடுக்கும் ஊசி மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கோட்ஸ்பியும் எட்வின்சனும் மைக்கேல் மோஸ்கோவிட்ஸ், ஜெஸ் ஓலசன் ஆகியோரோடு 2021ஆம் ஆண்டின் பிரெய்ன் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கடும் உடற்பயிற்சியிலும் ரத்தத்தில் இந்தத் துணுக்கு கூடுவதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

வெளிச்சத்துக்கும் வழி கண்டுவிட்டார்கள். விழித்திரையில் காட்சிக்காக அல்லாமல், பகலா இரவா என்று அறிவிப்பதை முக்கிய வேலையாகக் கொண்ட செல்கள் உண்டு. நீல ஒளிக்கு அவை அதிகம் கிளர்கின்றன. பார்வையிழந்த மைக்ரேன் நோயாளிகளில், ஒளியை மட்டுமாவது உணர முடிந்தவர்களுக்கு வெளிச்சத்தில் வலி கூடியது, கண் நரம்பே இல்லாதவர்களுக்குக் கூடவில்லை என்று ரமி பர்ஸ்டைன் குழு 2010இல் வெளியிட்டது. முற்பகல் வெயிலில் மரக்காணத்து உப்பளங்களைக் கடந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாத்தி பாத்தியாக வெள்ளை. கீழேயிருந்தும் சூரியன் அடிக்கும். கறுப்புக் கண்ணாடியும் கவசத்துக்கு முன்னால் ஒரு சின்ன மறைப்பும் அங்கே அலங்காரம் இல்லை.

ஆனால் என் 2.15 மணி வலிக்கு நான் தேடிய விடை வேறொரு இடத்தில் கிடைத்தது. வீடு வந்ததும் தலைக்கு ஊற்றிக் குளித்தேன், ஈரத் தலையோடு உட்கார்ந்தேன், வலி வந்தது. தலைக்குக் குளித்தால் தலைவலி வரும் என்று நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் சொன்னதை நான் ஒரு நம்பிக்கையாகத்தான் நினைத்திருந்தேன். மும்பையைச் சேர்ந்த தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குளியலால் மைக்ரேன் தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளைக் கவனித்து 2006இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். மேற்கத்தியப் பட்டியல்களில் அதுவரை இடம்பெறாத ஒரு தூண்டுதல் இது. நம் பாட்டிகள் சொன்னதை நாம் முன்பே எழுதி வைத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. சவாரி முடிந்த உடனே தலைக்கு ஊற்றுவதை நிறுத்தினேன். உடம்புக்கு மட்டும் ஊற்றி, தலையை ஈரத் துணியால் துடைத்து, ஆறிய பிறகு மாலையில் குளிக்கிறேன். வலி வந்த நாட்களில் நெற்றியில் தைலம் தடவிக்கொள்வதும் வெறும் ஆறுதல் அல்ல. தைலத்திலுள்ள மென்தால், குளிரை உணரும் டி.ஆர்.பி.எம்.8 என்ற வாசலைத் திறக்கிறது. அதை 2002இல் தனித்தனியே கண்டவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் தொடங்கிய அமிர்தாஞ்சன் இந்த வாசலைத் தெரியாமலே தட்டிக்கொண்டிருந்தது. மைக்ரேனோடு தொடர்புள்ள மரபணுக்களைத் தேடியபோது இந்த வாசலின் மரபணுவும் பட்டியலில் வந்தது.

‘சைக்கிள் ஓட்டினால் மைக்ரேன் வருகிறது’ என்ற தீர்ப்பை என்னை ஒத்திப்போட வைத்த ஆய்வு ஒன்று உண்டு. ஹாம்பர்க்கில் ஷுல்டே, மே இருவரும் மைக்ரேன் உள்ள ஒரு பெண்ணை முப்பது நாள் தொடர்ந்து தினமும் ஸ்கேன் செய்து 2016இல் வெளியிட்டார்கள். வலி வருவதற்கு முந்தின நாளிலேயே மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் மாற்றம் தொடங்கிவிட்டது. பசி, தூக்கம், தாகம், உடல் வெப்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பகுதி அது. மைக்ரேனுக்கு முந்தின நாள் பலருக்குக் கொட்டாவி வரும், இனிப்புக்கு நாக்கு அலையும், கழுத்து பிடிக்கும், வெளிச்சம் உறுத்தும். அப்படியென்றால் சனிக்கிழமை மாலையே கழுத்து பிடித்திருந்தால், ஞாயிறு சவாரி மைக்ரேனைக் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே கிளம்பிவிட்ட மைக்ரேனோடு நான் சவாரிக்குப் போயிருக்கிறேன். நோட்டில் சனிக்கிழமைக்கும் ஒரு வரி ஒதுக்கியபோது, என் ஏழு மைக்ரேன்களில் நாலில் அந்த வரி காலியாக இல்லை. இப்போது சனிக்கிழமை கழுத்து பிடித்தால் செஞ்சிக்குப் போவதில்லை. இரும்பை ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

என் தங்கைக்கும் மைக்ரேன். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை மூன்று வருடம் ஓட்டினாள். ஒரு நாள் வெயிலில் வலி வந்து சாலையோரம் உட்கார்ந்துவிட்டதால், “இனி வேணாம்” என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பத்து வருடம் அந்த வண்டி திண்ணையில் நின்றது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் எம்மா வார்க்கி குழு 2011இல் வெளியிட்ட ஆய்வை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மைக்ரேன் உள்ள 91 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு டோபிரமேட் என்ற தடுப்பு மாத்திரை, ஒரு குழுவுக்கு உடல் தளர்த்தும் பயிற்சி, ஒரு குழுவுக்கு வாரம் மூன்று முறை 40 நிமிட உடற்பயிற்சி. மூன்று மாதத்துக்குப் பின் மூன்று குழுவிலும் மைக்ரேன் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. பக்க விளைவு மாத்திரைக் குழுவில் மட்டும். அந்த உடற்பயிற்சி, அறைக்குள் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள்.

“அண்ணா, அவங்க ஏசி ரூம்ல மிதிச்சிருப்பாங்க” என்றாள். நியாயமான கேள்வி. அதனால் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறாள். முன்னதாக ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் நீராகாரம். முதல் பதினைந்து நிமிடம் மெதுவாக. செவ்வாய், வியாழன், சனி. மருத்துவரிடம் ஒரு முறை காட்டி, அவர் சம்மதித்த பிறகுதான் தொடங்கினாள். அவளுக்குத் தனி நோட்டு. நேற்று வாங்கிப் பார்த்தேன். ஆறாவது வாரம், வியாழக்கிழமை: ‘6.25. ஏரிக்கரை. வலி இல்ல. கோயில் பக்கம் நாய் துரத்துச்சு.’